ஆஷூராவின் முதல் எழுத்து

அல்ஜியர்ஸுக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் அஸாஸ்கா ஊரில் ஜெஜிகாவுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. கடைப் பலகையோ, கல்யாணப் பத்திரிகையோ, எது கண்ணில் பட்டாலும் அதில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்காமல் நகர மாட்டாள். பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போன குற்றத்துக்காக ஒரு ரொட்டிக் கடையில் மூன்று வருஷம் அவள் ரொட்டி வாங்கவில்லை. கடைசியில் கடைக்காரரே ஏணி போட்டு ஏறிப் புள்ளி வைத்துவிட்டு, "இப்பவாவது வாங்குவியாம்மா?" என்று கேட்டார். "கோணலா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினாள்.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. தொண்ணூற்று நான்கில், தாய்மொழியைப் பாடமாக வைக்கும்வரை பள்ளிக்கூடம் போவதில்லை என்று எங்கள் மலைநாட்டுப் பிள்ளைகள் எல்லாம் பையைத் தூக்கி மூலையில் போட்டார்களே, அப்போது அவளுக்குப் பதினேழு வயது. மற்றவர்கள் ஒலிவக் காய் பொறுக்கப் போனார்கள், சிலர் நன்றாகத் தூங்கினார்கள். ஜெஜிகா கடைத்தெருவில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். அந்த ஒரு வருஷத்துப் படிப்பு போனது போனதுதான். ஆனால் தட்டச்சு வந்துவிட்டது.

தட்டச்சு வந்தாலும் எழுத்து வரவில்லை. எங்கள் மொழியில் பாதி தொண்டைக்குள்ளிருந்து வருவது. பிரெஞ்சுக்காரன் செய்த விசைப்பலகைக்கு அப்படி ஒரு தொண்டை இருப்பதே தெரியாது. பாரிஸிலிருந்து யாரோ ஒரு பிளாப்பி வட்டில் எழுத்துரு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் டாலர் குறியை அடித்தால் தாளில் எங்கள் தொண்டை எழுத்து ஒன்று விழும். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். கோப்புக்குப் பெயர் வைக்கும் இடத்தில் மட்டும் அந்த எழுத்துரு வேலை செய்யாது, டாலர் டாலராகவே நிற்கும். அந்த எழுத்தில் பெயர் தொடங்கிய ஆட்களுக்கெல்லாம் 'டாலர்காரங்க' என்று பட்டம் கிடைத்தது. வீட்டில் கழுதை வாங்கக்கூட வழியில்லாதவர்கள் அவர்கள்.

பிறகு ஜெஜிகா ஊரில் ஒரு பண்பாட்டுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களின் பாட்டுகளைப் பதிவு செய்வதும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாடியவளின் பெயரையே கோப்புக்கு வைப்பதும் அவள் வேலை. பனிக்காலத்தில் போன ஊர்களில் பெண்களுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தாள். அந்த நாளில் டாலர் போய் கிரேக்க எழுத்து வந்திருந்தது. தொண்டையை இறுக்கிச் சொல்லும் எங்கள் 'அ'வுக்கு, மூன்றைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு கிரேக்க எழுத்து இருந்தது, ε என்று. அதையே எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பெரிய எழுத்து வேண்டுமே என்று தேடினார்கள். கிரேக்கனிடம் போனால் அவன் சாதாரண E-யை நீட்டுகிறான். அது ஏற்கெனவே வேறு வேலைக்கு இருக்கிறது. ஆகவே எங்கள் ஆட்கள் சுற்றுமுற்றும் பார்த்து, படுக்கப்போட்ட M மாதிரி இருக்கிற Σ-வைத் தூக்கிவந்து, "இன்றுமுதல் இவன்தான் அவனுக்கு அண்ணன்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அது கிரேக்கனுக்கு 'ஸ'. அதைப் பற்றி இங்கே யாருக்கும் கவலையில்லை. பாடப் புத்தகம், போஸ்டர், கல்லறைக் கல் என்று எல்லாவற்றிலும் அது ஏறிவிட்டது. இன்றைக்கும் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் Σ-வுக்குச் சின்னது ε என்று யோசிக்காமல் சொல்வார்கள்.

இரண்டாயிரத்துப் பதினேழில் நமக்கென்றே தனி எழுத்து வந்துவிட்டது, கிரேக்கத்தை விடுங்கள் என்றார்கள் படித்தவர்கள். புதியதில் பெரிய எழுத்து Σ இல்லை, ε-வையே ஊதிப் பெரிதாக்கியது போல ஒன்று; சின்ன எழுத்து மட்டும் பார்வைக்குப் பழையது மாதிரியே இருந்தது. சின்னதில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் அது வேறு, இது வேறு. ஜெஜிகா கச்சை கட்டிக்கொண்டு இறங்கினாள். கோப்புப் பெயர்களை மொத்தமாக மாற்றும் ஒரு செயலியை வாங்கிப் போட்டு, ε வருகிற இடமெல்லாம் புது எழுத்து, பெரிய எழுத்தும் சேர்த்து, என்று கட்டளை கொடுத்தாள். மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் மாறின. அன்றைக்கு அவள் தன் காசில் எல்லாருக்கும் சுடச்சுட எண்ணெய்ப் பணியாரம் வாங்கிக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ரெஸ்கி சொல்வான். ரெஸ்கி சங்கத்தின் ஒலிப்பதிவாளன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் மட்டும் அடங்காது. யார் எந்தப் பாட்டைக் கேட்டு வந்தாலும் ஜெஜிகா தேடல் கட்டத்தில் பெயரை அடிப்பாள், இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. "இந்தப் பேரெல்லாம் நானே துடைச்சு வெச்சது. இல்லன்னா இல்லதான்" என்பாள்.

அயித் தெமூர் கிராமத்து ஆஷூரா முதல் தடவை வந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில். ஐம்பத்தேழு வயது, தனிக்கட்டை, கோடு போட்ட இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். வானொலியில் அப்போது அத்திமரப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சிலியா என்ற அல்ஜியர்ஸ் பாடகி பாடியது. அண்ணன் தம்பி யாராவது பிரான்சுக்குப் போய்த் திரும்பாத வீடுகளில் எல்லாம் அதைக் கேட்டு அழுதார்கள், அப்படியென்றால் எல்லா வீட்டிலும்தான். 'நாட்டுப் பாட்டு, கட்டியவர் தெரியவில்லை' என்று அறிவித்தார்கள். அது தன் பாட்டு என்றாள் ஆஷூரா. எண்பத்தாறில் தம்பி மெஸியான் மார்சேய் கப்பல் ஏறிப் போய் ஒரு கடிதமும் போடாதபோது கட்டினது. ஜெஜிகா எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்த பனிக்காலத்தில் அவளே அதைப் பதிவு செய்தாள் என்றும் சொன்னாள்.

ஜெஜிகா பெயரை அடித்தாள். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. ஆஷூராவை வகுப்பில் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது, பாடினாளா என்பது இல்லை. அந்த ஒரு பனிக்காலத்தில் மட்டும் ஆறு ஊர், நாற்பது பெண்கள், யார் பாடினார்கள், யார் வெறுமனே காப்பி போட்டுக் கொடுத்தார்கள் என்று எப்படி நினைவு வைப்பது? நினைவு வைக்க முடியாமல்தானே கம்ப்யூட்டர் வாங்கினார்கள். "இல்ல நன்னா" என்றாள். எங்கள் பக்கம் மூத்த பெண்களை நன்னா என்றுதான் கூப்பிடுவோம். ஆஷூரா இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். ஜெஜிகா இன்னொரு தடவை அடித்தாள். அதே பதில்தான். ஆஷூரா எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஐந்து வருஷம் கழித்து, எங்கள் புது வருஷமான யென்னாயெருக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் மறுபடி வந்தாள். மேல் மலைகளில் பனி விழுந்து மினி பஸ் தாமதம், வந்தவளின் காலணியெல்லாம் சேறு. ஊர்க் கலையரங்கில் யென்னாயெர் அன்று சிலியா பாடப்போகிறாள். பாட்டுகளின் பட்டியல் புத்தகமாக அச்சாகிறது. ஆஷூரா நேராக விழாக் குழுவிடம் போயிருக்கிறாள். அங்கிருந்த ஆள் மரியாதையாகவே, "ஆதாரம் கொண்டாங்க, பேர் போடுறோம். இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு அச்சுக்குப் போகுது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அப்போது மணி பதினொன்று.

"கட்டினவ பேரு தெரியலன்னு போடப் போறாங்களாம்" என்றாள் ஆஷூரா. "எனக்குப் பேரு இருக்கு, பொண்ணே. எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும்."

"நான் போன தடவையே பார்த்தேனே நன்னா."

"தெரியும். ஊருல என்ன சொல்றாங்க தெரியுமா? ஊரோட இருக்குற என் தம்பி பொண்டாட்டி கல்யாண வீட்டுல வெச்சே கேக்குறா, 'என்ன ஆஷூரா, ரேடியோவுல வர்ற செய்தியும் நீ கட்டினதுதானா?'ன்னு. அதுலேருந்து நான் கல்யாணத்துல வாயத் தொறக்குறதில்ல."

அந்தப் பக்கத்து ஆட்களையெல்லாம் தெரிந்த ரெஸ்கி தன் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தான். "எந்த தம்பி பொண்டாட்டி? அந்தக் காது கேக்காதவளா?"

"காது கேக்காதுடா. வாய் நல்லா கேக்கும்."

அவன் சிரித்தான். ஆஷூரா சிரிக்கவில்லை. ஜெஜிகாவுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. ஒரு தடவை இல்லை என்று சொன்னதை மறுபடி கேட்க வருவது, அவள் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது மாதிரிதானே. இருந்தாலும் அடித்தாள். எதுவுமில்லை. தொண்டை எழுத்தை விட்டுவிட்டுச் சாதாரண A போட்டு அடித்தாள். இல்லை. போனில் சேதி அனுப்புகிற பிள்ளைகள் அந்த ஒலிக்கு 3 என்ற எண்ணைப் போடுவார்கள், அதையும் போட்டுப் பார்த்தாள். இல்லை.

"பாருங்க, மூணு விதமா பார்த்துட்டேன். நீங்களே வந்து பாருங்க, நம்பிக்கை இல்லன்னா" என்று எரிச்சலோடு திரையைத் திருப்பினாள். முதல் தடவை அவள் திரையைக் காட்டவே இல்லை. படிக்கத் தெரியாதவளுக்கு எதற்கு என்று விட்டிருந்தாள்.

ஆஷூரா மேஜையைச் சுற்றி வந்து, குனிந்து, தேடல் கட்டத்தைப் பார்த்தாள். விரலைக் கண்ணாடிமேல் வைத்தாள்.

"இது யாரு?"

"நீங்கதான். ஆஷூரா."

"இது நான் இல்ல."

"நன்னா, உங்க பேருதான் அடிச்சிருக்கேன்."

"அடி பைத்தியக்காரி, என் பேரு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிஞ்ச எழுத்தே அந்த ஒரு பேருதான். தபால் ஆபீஸ்ல அதைத்தான் போடுறேன். நீ சொல்லிக்குடுத்ததுதானே? முதல் எழுத்து இது இல்ல." மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்துச் செய்தித்தாளின் ஓரத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக வரைந்தாள். படுக்கப்போட்ட M. Σ.

ரெஸ்கி எட்டிப் பார்த்தான். "அது பழைய எழுத்து நன்னா. இப்ப மாத்திட்டாங்க. அதேதான் இது."

"அதே இல்ல" என்றாள் ஆஷூரா.

ஜெஜிகா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பெரிய எழுத்தும் சேர்த்து மாற்று என்றுதான் கட்டளை கொடுத்திருந்தாள். ஆனால் ε-வுக்குப் பெரிய எழுத்து Σ என்பது அவளுக்குத் தெரியும், ரெஸ்கிக்குத் தெரியும், அயித் தெமூரில் ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு யார் சொன்னார்கள்? அது கிரேக்கனின் E-யைத் தேடிக்கொண்டு போயிருக்கும். பெயரின் நடுவில் அந்த ஒலி வருகிறவர்கள் எல்லாரும் மாறிவிட்டார்கள். அந்த ஒலியில் பெயர் தொடங்குகிறவர்கள் ஒருவர் விடாமல் நின்றுபோனார்கள். ஏழு வருஷமாக.

செய்தித்தாளின் ஓரத்தைப் பார்த்தபடியே எழுத்துப் பட்டியலிலிருந்து Σ-வை எடுத்துக் கட்டத்தில் ஒட்டினாள். நாற்பத்தொரு கோப்புகள் வந்தன. ஆஷூரா எட்டாவதாக இருந்தாள்.

"இதோ நான்" என்றாள் ஆஷூரா, விரலை வைத்து.

ரெஸ்கி ஒலிபெருக்கியை இணைத்தான். முதலில் அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம், பெண்கள் சளசளவென்று பேசும் சத்தம். பிறகு இருபத்தெட்டு வயது ஜெஜிகாவின் குரல், இப்போதைவிட மென்மையாக.

"பேரு சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதா? நேத்துதானே எழுதச் சொல்லிக்குடுத்த?"

பெண்கள் சிரித்தார்கள். "மெஷினுக்குச் சொல்லுங்க."

"ஆஷூரா. அயித் தெமூர்."

"இந்த அத்திமரப் பாட்டு யாரோடது?"

"என்னோடது. எந்தம்பி மெஸியான் போனப்போ நான் கட்டினது. இதுக்கு முன்னாடி யாரும் பாடினதில்ல. எங்க ஊரு பெரியவர் சமாதி மேல ஆணையா."

ரெஸ்கி அங்கேயே நிறுத்திவிட்டு விழாக் குழுவுக்குப் போன் போட்டான். அந்தப் பதிவை இரண்டு தடவை ஓடவிட்டுக் கேட்க வைத்தான். அந்தப் பக்கத்து ஆள் பாடகியையும் இணைப்பில் கூப்பிட்டான். சிலியா கேட்டாள். பிறகு, "எனக்கு யாரோ ஒரு கல்யாணத்துல கேட்டுச் சொன்னாங்க. நிஜமாவே தெரியாது. அந்த அம்மா பேரைப் போடுங்க, மேடையில நானும் சொல்றேன்" என்றாள். நல்ல பெண்தான். பெயரை எப்படி எழுதுவது என்று குழுக்காரன் கேட்டான். "நானே அடிச்சு அனுப்புறேன்" என்றாள் ஜெஜிகா. மணி பன்னிரண்டே முக்கால்கூட ஆகவில்லை.

ரெஸ்கி காப்பி கொண்டுவரப் போனான். இருவர் மட்டும் இருந்தார்கள். ஜெஜிகாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் பிழையையே பார்த்தவளுக்கு அது எங்கிருந்து வரும்? மேஜையில் இருந்த காகிதங்களை இரண்டு தடவை அடுக்கினாள்.

"நன்னா, போன தடவையே இது இருந்துச்சு. நான்தான் இல்லன்னு சொன்னேன். தப்பு என்னோடது. மெஷினோடது இல்ல."

"ம்" என்றாள் ஆஷூரா.

"திட்டுங்களேன்."

"திட்டுறதுக்கு என்ன இருக்கு. அன்னைக்கு நீ இல்லன்னு சொன்னியா, பஸ்ல போறப்போ யோசிச்சேன். படிச்ச பொண்ணு சொல்லுது, மெஷினும் சொல்லுது. நாந்தான் எங்கயாவது கேட்டுட்டு என்னோடதுன்னு நெனச்சிட்டிருக்கேனோன்னு. வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நம்பிட்டேன்." கையிலிருந்த துணிப்பையின் காதை முறுக்கினாள். "மீதி பாதிதான் இன்னைக்கு இங்க வந்துச்சு. பாட்டப் போடு. பேச்ச மட்டும்தானே கேட்டோம்."

ஜெஜிகா போட்டாள்.

நாற்பத்து மூன்று வயது ஆஷூரா பாடினாள். வாத்தியம் ஒன்றும் இல்லை. குரல் மேலே போகும்போது அறையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்துவது கேட்டது. இருக்கையில் இருந்த ஆஷூரா கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடத் தொடங்கினாள். ஐந்து வருஷம் வாயைத் திறக்காதவள், குரல் முதலில் உடைந்தது, பிறகு சேர்ந்துகொண்டது. முதல் அடியில் இரண்டு குரலும் ஒன்றாகவே போயின.

இரண்டாம் அடியில் ஒலிபெருக்கி பாடியது: "அத்திமரத்து அடியிலே ஒத்தைச் செருப்பு கிடந்ததடா."

இருக்கையில் இருந்தவள் பாடினாள்: "அத்திமரத்து மேலே நிலா அழுதுகொண்டு நின்றதடா."

ஆஷூரா பட்டென்று நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள். நிலா, சிலியாவின் பாட்டில் வருவது. வானொலியில் ஊரே கேட்ட அடி அது.

"என்ன சொல்லுச்சு?"

"செருப்புன்னு."

"திரும்பப் போடு."

திரும்பப் போட்டாள். ஆஷூரா இந்தத் தடவை கவனமாகப் பாடினாள். அந்த இடம் வந்ததும் நிலாதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது தடவை பாடாமல், குரலுக்குப் பின்னால் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"ஆமா" என்றாள். "ஒத்தைச் செருப்பு. விடிகாலையில அவசரத்துல செருப்பை விட்டுட்டுப் போயிட்டான். இன்னொண்ணை நாய் தூக்கிட்டுப் போச்சு. மிச்சம் இருந்த ஒண்ணை எத்தனை நாள் மாடத்துல வெச்சிருந்தேன் நான்." ஜெஜிகாவின் கையைப் பிடித்தாள். "அங்க நிலாவே இல்ல, பொண்ணே. அன்னைக்கு மழை. எனக்கு எப்படி மறந்துச்சு?"

காப்பியோடு வந்த ரெஸ்கி கதவருகிலேயே நின்றான். இரண்டு மணி பஸ் போனது. ஆஷூரா போகவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பாட்டு பதினொரு தடவை ஓடியது. பத்தாவது தடவையிலும் அவள் வாயில் நிலாதான் வந்தது. பதினோராவது தடவை அவள் பாடவில்லை.